உங்கள் கடிதத்தை அடுக்குவது யார்?

 

வக்ஃபு, இட ஒதுக்கீடு, சிறைவாசிகள் என்று ஏதாவது ஒன்றைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இந்தத் தடவை நான் எழுத வந்திருப்பது இ-மெயிலைப் பற்றி. ஓதிக் கொடுக்கிற ஆலிம்சாவுக்கு இ-மெயிலோடு என்ன வேலை என்று சிரிக்க வேண்டாம். சிரித்து முடித்தவர்கள் உங்கள் செல்போனை எடுத்து, இ-மெயில் பெட்டியைக் கடைசியாக என்றைக்குத் திறந்தோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேசத் தொடங்குவதற்கு அது போதும்.

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது நம் உப்பூர். இந்தக் கரையோர ஊர்களெல்லாம் தபாலை நம்பி வாழ்ந்த ஊர்கள். மலேயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும், பிறகு சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் வந்த கடிதங்களில்தான் இங்கே அடுப்பு எரிந்தது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே பெண்மக்கள் வாசல் நடைக்கு வந்து விடுவார்கள். நீலநிற ஏர்மெயில் கடிதமும், மின்சாரக் கட்டண நோட்டீசும், துணிக்கடை ஆடித்தள்ளுபடி அட்டையும் ஒரே கட்டாகத்தான் அவர் கையில் இருக்கும். அத்தனையையும் கொடுத்து விட்டுப் போவார். எது முக்கியம், எது குப்பை என்பதை வாங்கியவர் முடிவு செய்து கொண்டார். "உங்கள் மகன் கடிதத்தை மேலே வைத்தேன், தாசில்தார் கடிதம் அவ்வளவு முக்கியமில்லை என்று என் சைக்கிள் பையிலேயே ஓர் அறையில் போட்டு வைத்திருக்கிறேன், வேண்டுமானால் வந்து தேடிக் கொள்ளுங்கள்" என்று ஒரு தபால்காரர் சொல்லியிருந்தால் ஊர் அவரைச் சும்மா விட்டிருக்குமா?

இன்றைக்கு இ-மெயில் பெட்டியில் நடப்பது அதுதான். நம்மில் யாரும் வாய் திறக்கவில்லை.

எனக்கே நேர்ந்ததைச் சொல்கிறேன். நாங்கள் பொதுக் காரியங்களுக்காக வைத்திருக்கும் ஓர் இ-மெயில் கணக்கு என் போனில்தான் இருக்கிறது. கபரஸ்தான் நிலம் சம்பந்தமாக ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதியிருந்தோம். பதில் வரவில்லை, பதில் வரவில்லை என்று இரண்டு கூட்டங்களில் நானே ஆவேசமாகப் பேசினேன். ஒருநாள் ஒரு கல்லூரிப் பையன் என் போனை வாங்கிப் பார்த்து, "ஹஜ்ரத், இது என்ன?" என்று காட்டினான். சட்டை விளம்பரத்துக்கும் வீட்டுமனை விளம்பரத்துக்கும் நடுவில் அந்த அலுவலகத்தின் பதில் கிடந்தது. சர்வே எண்ணில் ஒரு விளக்கம் கேட்டு 15 நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். நாங்கள் அதைப் பார்த்தது 26ஆம் நாள். நான் திறக்கவே திறக்காத ஓர் அறை, என்னைக் கேட்காமலேயே என் பெட்டிக்குள் கட்டப்பட்டிருக்கிறது. மனுவை மறுபடி முதலிலிருந்து எழுதினோம். கூட்டத்தில் பேசியதற்காக அந்த அலுவலகத்துக்கு நேரில் போய் வருத்தமும் தெரிவித்து வந்தேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

எந்தக் கம்பெனியின் அஞ்சல் அது என்பதை நான் சொல்லப் போவதில்லை. எல்லாரும் ஒரே பாதையில்தான் போய்க் கொண்டிருக்கிறார்கள். 1996 ஜூலை 4 அன்று ஹாட்மெயிலைத் தொடங்கிய இருவரில் ஒருவர், பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியா. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதை மைக்ரோசாப்ட் வாங்கியது. 2013க்குள் அத்தனை பேரையும் அவுட்லுக் என்ற புதிய வீட்டுக்கு ஏற்றி அனுப்பி விட்டார்கள். 2004 ஏப்ரல் 1 அன்று வந்த ஜிமெயில், ஒரே பொருளில் வந்த கடிதங்களையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டிப் போட்டது. எனக்குத் தனித்தனியாகத்தான் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அந்த வசதி கிடைக்க 2010 வரை ஆயிற்று. 2013 மே மாதம் பெட்டியையே ஐந்து அறைகளாகப் பிரித்தார்கள். முதன்மை, சமூகம், விளம்பரம், தகவல், குழுக்கள் என்று பெயர். அதே 2013இல் யாஹூ தன் அஞ்சலின் முகத்தையே மாற்றியபோது பழகிய வசதிகளைக் காணோம் என்று ஆயிரக்கணக்கானோர் கூப்பாடு போட்டார்கள். 2014இல் கூகுள் 'இன்பாக்ஸ்' என்று இன்னொரு செயலியைக் கொண்டு வந்து மக்களைப் பழக்கி, 2019 ஏப்ரலில் அதை மூடி விட்டது. ஐபோன்காரர்கள் மட்டும் தப்பித்தார்களா என்றால் இல்லை; 2024 டிசம்பரில் ஆப்பிளும் அறை பிரித்து விட்டது. இப்போது கடிதத்தின் தலைமாட்டில் இயந்திரமே சுருக்கம் எழுதி வைக்கிற காலம். கடிதத்தைப் படிக்கவே வேண்டாமாம், சுருக்கத்தைப் படித்தால் போதுமாம்! மதரஸாவில் கிதாபைத் திறக்காமல் ஷரஹை மட்டும் மனப்பாடம் செய்கிற மாணவனை உஸ்தாத் என்ன செய்வார் என்று நமக்குத் தெரியும்.

இதெல்லாம் இலவசம்தானே, இலவச மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று ஒரு வியாபாரி என்னிடம் கேட்டார். வியாபாரியே இப்படிக் கேட்டால் எப்படி? விளம்பர அறையில் வெறும் கடிதம் மட்டும் கிடக்கவில்லை. கடிதம் மாதிரியே வேடம் போட்ட கட்டண விளம்பரமும் நடுநடுவே உட்கார்ந்திருக்கிறது. பிரான்ஸ் நாட்டின் தனியுரிமைக் கண்காணிப்பு அமைப்பு 2025 செப்டம்பரில் கூகுளுக்கு 32.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அனுமதி பெறாமல் ஜிமெயில் கடிதங்களுக்கு நடுவே விளம்பரம் காட்டியது அதில் ஒரு குற்றச்சாட்டு. கணக்குத் தொடங்குபவர்களிடம் குக்கீ விஷயத்தில் முறையாகச் சம்மதம் பெறவில்லை என்பது மற்றொன்று. அங்கே கேட்க ஓர் ஆள் இருக்கிறான். இங்கே கேட்க யார் இருக்கிறார்?

கம்பெனிகளின் கதை இத்தோடு இருக்கட்டும். வியாபாரச் சகோதரர்கள் உன்னிப்பாகப் படிக்க வேண்டியது இனிமேல்தான்.

ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1 அன்று வந்தது. அந்தச் சட்டத்தின் 169ஆம் பிரிவு, ஒரு நோட்டீசை எப்படியெல்லாம் சார்வு செய்யலாம் என்று சொல்கிறது. நேரில் கொடுக்கலாம், தபாலில் அனுப்பலாம், பதிவு செய்யப்பட்ட இ-மெயிலுக்கு அனுப்பலாம், போர்ட்டலில் போட்டு வைக்கலாம் என்று வரிசையாகப் போகிறது. போர்ட்டலில் போட்டு வைத்தாலே உங்கள் கையில் கொடுத்ததாக ஆகி விடும் என்றுதான் அதிகாரிகள் நடந்து கொண்டார்கள். அந்தப் போர்ட்டலில் 'நோட்டீஸ்களும் உத்தரவுகளும்' என்று ஓர் அறை இருந்தது. வேறொரு மூலையில் 'கூடுதல் நோட்டீஸ்களும் உத்தரவுகளும்' என்று இன்னோர் அறை. வியாபாரி முதல் அறையைத் திறந்து பார்த்து, ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்று கடையைப் பார்க்கப் போய் விடுவார். காரணம் கேட்கும் நோட்டீஸ் 'கூடுதல்' அறையில் கிடக்கும். 2017-18ஆம் நிதியாண்டுக்கான உத்தரவுகளைப் போட 31.12.2023 கடைசி நாள் என்று ஆகியிருந்ததால், 2023இல் நோட்டீஸ்கள் மழையாய்ப் பொழிந்தன. பதில் வராததால் ஒருதலையாக உத்தரவுகள் போடப்பட்டன. பாங்கிக் கணக்கு முடக்கப்பட்ட பிறகுதான் பலருக்கு நோட்டீஸ் வந்த சேதியே தெரிந்தது.

நான் கட்டிச் சொல்லவில்லை, நீதிமன்றங்கள் சொன்னதைச் சொல்கிறேன். சென்னை உயர் நீதிமன்றம் 2023இலேயே இந்தப் போர்ட்டல் அமைப்பில் உள்ள சிக்கலைச் சுட்டிக் காட்டியது. டில்லி உயர் நீதிமன்றம் 2024இல் அதை எடுத்துச் சொல்லி, நோட்டீசைப் பார்க்க முடியாமல் போனவர்களுக்குப் பதில் சொல்ல மறுவாய்ப்புக் கொடுத்தது. கடைசியில் 2024 ஜனவரி 16 அன்று இரண்டு அறைகளையும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டு வந்தார்கள். ஒரு பொத்தானை இடம் மாற்றி வைக்க ஆறரை ஆண்டு! அதற்குள் வழக்குச் செலவு, வக்கீல் செலவு, தூங்காத இரவுகள் எல்லாம் வியாபாரி தலையில். மறுவாய்ப்பும் சும்மா கிடைக்கவில்லை. தகராறில் உள்ள வரியில் 10 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டு வா என்ற நிபந்தனையோடுதான் பலருக்குக் கிடைத்தது. அப்பீல் போவதற்கும் அதே 10 சதவீதம். அதற்கு அவகாசம் மூன்று மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் ஒரு மாதம். அதற்கு மேல் பார்க்கவில்லை, தெரியவில்லை என்று சொன்னால் அப்பீல் அதிகாரியிடம் எடுபடாது.

இவர்களில் நம் ஆள், பிற சமுதாயத்து ஆள் என்ற பேதம் எதுவும் இல்லை. நாடார் கடையும் செட்டியார் கடையும் நம் மரைக்காயர் கடையும் ஒரே மூலையில்தான் மாட்டிக் கொண்டன. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'முஸ்லிம் பெயரில் வரும் கடிதங்களை மட்டும் ஒளித்து வைக்கிறார்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் ஆடியோ எனக்கும் வந்தது. ஆதாரம் கேட்டேன், பதில் இல்லை. ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற கட்டளை (அல்குர்ஆன் 49:6) நமக்குத்தான் இறங்கியது. நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி கையில் இருக்கும்போது பொய்யைத் தூக்கிக் கொண்டு ஓடினால், நியாயமும் சேர்ந்து கெட்டுப் போகும்.

கடிதம் என்பது நம் மார்க்கத்தில் சின்ன விஷயமல்ல. சுலைமான் (அலை) அவர்கள் ஹுத்ஹுத் பறவையிடம் கடிதம் கொடுத்து அனுப்பிய சம்பவம் சூரத்துந் நம்லில் வருகிறது. அந்தப் பறவை கடிதத்தை ஸபா அரசியின் முன்னால் போட்டது. அரசி தன் கையால் எடுத்துத் தன் சபையில் வைத்து ஆலோசித்தார். நடுவில் யாரும் அதை வகை பிரிக்கவில்லை. ரோமப் பேரரசர் ஹிரக்ல் நபி (ஸல்) அவர்களின் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பாரசீகத்துக் கிஸ்ரா கிழித்துப் போட்டான். முத்திரை இல்லாத கடிதத்தை அரசர்கள் படிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டதும் நபியவர்கள் வெள்ளியில் முத்திரை மோதிரம் செய்து கொண்டார்கள். முஆவியா (ரலி) அவர்கள் ஆட்சியில் ஒருவருக்கு ஒரு லட்சம் திர்ஹம் கொடுக்கச் சொல்லி எழுதிய கடிதத்தை, வழியில் பிரித்து இரண்டு லட்சம் என்று திருத்தி விட்டார்கள் என்றும், அதற்குப் பிறகுதான் அவர் முத்திரைக்கென்றே ஒரு தனி இலாகாவை ஏற்படுத்தினார் என்றும் வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

எல்லாவற்றையும் விட என் மனதைத் தொடுவது ஜைத் பின் தாபித் (ரலி) அவர்களின் சம்பவம். மதீனாவில் யூதர்களோடு கடிதப் போக்குவரத்து இருந்தது. அவர்கள் எழுத்தில் வருவதைப் படிக்கவும் அதே எழுத்தில் பதில் எழுதவும் அவர்களில் ஒருவரையே நம்பியிருக்க வேண்டிய நிலை. நபி (ஸல்) அவர்கள் இளைஞரான ஜைதைக் கூப்பிட்டு, அந்த எழுத்தைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். பதினைந்து நாள் ஆவதற்குள் அவர் கற்றுத் தேர்ந்து விட்டார் என்று ஹதீஸ் நூல்களில் வருகிறது. அதற்குப் பிறகு வந்த கடிதத்தைப் படித்துச் சொன்னதும் அவர்தான், போக வேண்டிய கடிதத்தை எழுதியதும் அவர்தான்.

இளைஞர்களே, அந்த ஜைத் உங்கள் வயதுக்காரர்தான். அவர் பதினைந்து நாளில் ஒரு வேற்று எழுத்தையே படித்தார். உங்களைக் கேட்பதெல்லாம் உங்கள் வாப்பாவின் இ-மெயில் பெட்டியை அரை மணி நேரம் பார்த்துக் கொடுங்கள் என்பதுதான்.

நான் போய் விசாரித்த வரையில் நம் வியாபாரிகளிடம் உள்ள பெரிய ஓட்டை கம்பெனி அடித்ததல்ல, நாமே அடித்தது. கருவாட்டு வியாபாரம், கரி மூட்டம், மிளகாய் மண்டி, ஹார்டுவேர் என்று ஆளுக்கொரு தொழில். ஜி.எஸ்.டி. பதிவு மட்டும் டவுனில் உள்ள கணக்குப் பிள்ளை செய்து கொடுத்தது. எந்த இ-மெயில் கொடுத்தீர்கள் என்று கேட்டால், "அவர் இ-மெயில்தான் ஹஜ்ரத், அவர்தானே எல்லாம் பார்க்கிறார்" என்கிறார்கள். செல்போன் எண்ணும் அவருடையது. அவர் ஐம்பது கடைகளுக்கு ஒரே பெட்டியை வைத்திருக்கிறார். அந்தப் பெட்டியை வேறொரு கம்பெனி ஐந்து அறையாகப் பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் கழுத்துக்கு வரும் கத்தி அந்த ஐம்பதில் எத்தனையாவது, ஐந்தில் எத்தனையாவது அறை என்பது யாருக்குத் தெரியும்? அவர் நல்லவராகவே இருக்கட்டும். கல்யாணத்துக்குப் போனார், காய்ச்சலில் படுத்தார் என்றால் என்ன செய்வீர்கள்? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளச் சொல்லும் வசனம்தான் (2:282) குர்ஆனிலேயே மிக நீளமானது. எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும், வாசகத்தைச் சொல்ல வேண்டியது கடன்பட்டவர் என்கிறது அது. எழுத்தர் வேறு, பொறுப்பாளி வேறு. நாம் எழுத்தரிடமே வீட்டுச் சாவியையும் கொடுத்து விட்டோம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. 2025இல் வக்ஃபு திருத்தச் சட்டத்தை நிறைவேற்றி, ஜூன் 6 அன்று 'உமீத்' போர்ட்டலைத் திறந்து, ஆறு மாதத்துக்குள் அத்தனை வக்ஃபு சொத்துகளையும் ஏற்ற வேண்டும் என்றார்கள். அவகாசம் நீட்டிக்க உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பர் 1 அன்று மறுத்து, தேவைப்படுவோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று சொல்லி விட்டது. டிசம்பர் 6 அன்று கெடு முடிந்தபோது 5,17,040 சொத்துகளுக்குப் பதிவு தொடங்கப்பட்டிருந்ததாகவும், 2,16,905 அங்கீகரிக்கப்பட்டதாகவும், 10,869 நிராகரிக்கப்பட்டதாகவும் அரசு கணக்குச் சொன்னது. அந்தச் சட்டத்தைப் பற்றிய நம் எதிர்ப்பை இதே இதழில் பலமுறை எழுதியாயிற்று, இங்கே திரும்ப எழுதவில்லை. நான் கேட்பது வேறு. முத்தவல்லி ஏற்றியதை வாரியத்தின் ஓர் அதிகாரி சரி பார்க்க, இன்னொருவர் அங்கீகரிக்க வேண்டிய மூன்று படி ஏற்பாடு அது. உங்கள் மஹல்லாவின் பதிவுக்கு யாருடைய இ-மெயில் கொடுக்கப்பட்டிருக்கிறது? அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? நூறு வருஷத்துக்கு முந்திய பத்திரத்தை இரும்புப் பெட்டியில் பூட்டி மூன்று பேர் சாவி வைத்திருக்கிற ஜமாஅத்தில், இ-மெயில் கணக்கு மட்டும் பிரவுசிங் சென்டர் தம்பியின் பெயரில் இருக்கிறது.

நம் இயக்கத்தவர்களும் தப்ப முடியாது, நான் உள்பட. அந்தச் சட்டம் மசோதாவாக இருந்தபோது, 2024 ஆகஸ்டு, செப்டம்பரில் கூட்டுக் குழுவுக்கு இ-மெயில் அனுப்புங்கள் என்று மேடை மேடையாய்ப் பேசினோம். தொழுகைக்கு வந்தவர்கள் வாசலில் க்யூ.ஆர். அட்டையைக் காட்டி அனுப்பினார்கள். தபாலிலும் இ-மெயிலிலுமாகச் சேர்ந்து 97,27,772 மனுக்கள் வந்ததாகக் கூட்டுக் குழுவின் அறிக்கை சொல்கிறது. சமுதாயத்தின் உணர்வுக்கு அது ஒரு சாட்சி, சந்தேகமில்லை. ஆனால் ஒரே வாசகத்தைப் பத்தாயிரம் பேர் அனுப்பினால் அதைப் படிப்பவர் ஒரு கடிதமாகத்தான் பார்ப்பார். இயந்திரமோ குப்பை என்றே நினைக்கும். தன் ஊர்ப் பள்ளிவாசலின் சர்வே எண்ணையும், அந்த வருமானத்தில் எத்தனை பிள்ளைகள் ஓதுகிறார்கள் என்பதையும் சொந்த வார்த்தையில் நாலு வரி எழுதியவர்கள் எத்தனை பேர்? எழுதியவர்களில், அனுப்பியது போய்ச் சேர்ந்ததா, திரும்பி வந்ததா என்று பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? நான் பார்க்கவில்லை. ஒப்புக் கொள்கிறேன்.

பழைய தபாலுக்கே திரும்பி விடலாம் என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். எங்கே திரும்புவது? தந்தி 2013 ஜூலையோடு போயிற்று. கையெழுத்து வாங்கிக் கொண்டு கொடுத்த ரிஜிஸ்தர் தபாலையும் 2025இல் ஸ்பீடு போஸ்டோடு இணைத்து விட்டார்கள். பழைய வீதி இடிக்கப்பட்டு விட்டது. புதிய வீதியில் நம் கடையின் திண்ணையை யாராவது இடம் மாற்றி வைத்தால், முதலில் அது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டும். பிறகு ஏன் மாற்றினாய் என்று கேட்க வேண்டும். கம்பெனிகளிடம் நாம் கேட்க வேண்டியது பெரிய சலுகை இல்லை. மாற்றுவதற்கு முன் எங்களிடம் கேள், வேண்டாம் என்றால் பழையபடி விடு, எந்தக் கடிதத்தை எங்கே தள்ளினாய் என்பதைத் தமிழில் சொல். அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது இன்னும் சின்னது. வரி நோட்டீசோ வக்ஃபு நோட்டீசோ, குடிமகன் திறந்து பார்த்தான் என்று உறுதியாகாத வரையில் தண்டனைக் கெடுவை ஓட விடாதே. வியாபாரிகள் சங்கங்கள் எல்லாச் சமுதாயத்தவரும் சேர்ந்து இதைத் தீர்மானமாகப் போட்டு ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு அனுப்பலாம். நம் சகோதரர்கள் அங்கங்கே உறுப்பினராக இருக்கிறார்கள். முன்மொழிய ஓர் ஆள் போதும்.

அதுவரையில் கையில் இருப்பதைச் செய்வோம். ஜிமெயில் வைத்திருப்பவர்கள் அமைப்புகளுக்குள் போய், பெட்டி வகை என்று வரும் இடத்தில் முதன்மை தவிர மற்ற அறைகளின் குறியை எடுத்து விட்டால் எல்லாக் கடிதமும் பழையபடி ஒரே வரிசையில் வந்து விடும். ஸ்பேம் அறையை மட்டும் வாரம் ஒருமுறை தனியாகத் திறந்து பார்க்க வேண்டும். வளைகுடா வேலைக்கு மனுப் போட்ட தம்பிகளுக்கு இது கட்டாயம். அங்கேதான் போலி விசாக்காரனும் படுத்திருப்பான், உண்மையான கம்பெனிக் கடிதமும் படுத்திருக்கும், பணம் கேட்பவன் யார் என்று பார்த்துக் கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவில் கணக்குப் பிள்ளையின் இ-மெயிலும் எண்ணும் இருந்தால் உங்களுடையதாக மாற்றி விடுங்கள். அவர் ஓ.டி.பி. தர மறுத்தாலோ ஆளே இல்லையென்றாலோ, உங்கள் எல்லைக்குரிய வரி அதிகாரியிடம் ஆதாரங்களோடு மனுக் கொடுத்தால் அவரே மாற்றிக் கொடுக்க முடியும். போர்ட்டலை மாதம் இருமுறையாவது நீங்களே திறந்து பாருங்கள், இ-மெயில் வந்தாலும் வராவிட்டாலும்.

தனியாகச் செய்யத் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வராந்தாவில் நம் பையன்கள் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். போனை எடுத்து வாருங்கள். கடை வைத்திருப்பவர்கள் ஜி.எஸ்.டி. எண்ணையும் எழுதி வாருங்கள். பாஸ்வேர்டை மட்டும் அவர்களிடமும் சொல்ல வேண்டாம், நீங்களே அடியுங்கள். கண்ணாடி மறக்காமல் கொண்டு வாருங்கள்.